ஆரியசாலை டாக்டர் வீட்டு வேப்பிலை

பகவதிப்பெருமாள் பிள்ளைக்குத் திருவனந்தபுரத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. எதிரே நிற்கிறவரைக்கும் 'டாக்டர் ஸார்'. அவர் முதுகைத் திருப்பியதும் 'வண்டிக்கார டாக்டர்'. இரண்டாவது பெயர் அவருக்குத் தெரியும். அதில் அவருக்கு வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் அவர் மனைவி சிவகாமியம்மாளுக்குத்தான். மதராஸில் ஐந்து வருஷம் படித்து, சர்க்கார் சுகாதார ஆபீசில் பெரிய நாற்காலியில் உட்கார வேண்டிய மனுஷர், விடிந்தும் விடியாமலும் கோட்டை மாட்டிக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்குப் போய், திரவியத்தின் அரிசி மண்டியில் மூட்டைமேல் உட்கார்ந்து வண்டிக்காரர்களிடம் வம்பு பேசினால் ஊர் வேறென்ன பெயர் வைக்கும்?

வம்பு என்று அவள் நினைத்ததுதான் அவருடைய வைத்தியம். டாக்டர் பிறந்தது நாஞ்சில் நாட்டில் தாழக்குடி. ஊருக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய். அதோடு திருவிதாங்கூர் முடிந்துவிடும். அப்பால் வெள்ளைக்காரன் ஆளுகிற திருநெல்வேலிச் சீமை. இரண்டுக்கும் நடுவே ஒரு சுங்கச்சாவடி. மனிதர்களும் மாடுகளும் நெல்லும் துணியும் அந்தச் சாவடியில் நின்று சோதனைக்கு உட்பட்டுத்தான் வர வேண்டும். பெரியம்மை மட்டும் நிற்காமல் வரும்.

அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் அம்மை கண்டால் அதைக் கிராம அதிகாரி எழுதி, தாசில்தார் எழுதி, மேலே இன்னும் நாலு பேர் எழுதி, திருவனந்தபுரத்துக்குக் காகிதம் வந்து சேர மூன்று வாரம் ஆகும். அதற்குள் அம்மை வந்து, தங்கி, வீடு வீடாக விசாரித்துவிட்டுத் திரும்பியும் போயிருக்கும். மலைத்தோட்டங்களின் கதை இதைவிட மோசம். போனக்காட்டுக்கும் பொன்முடிக்கும் கூலிக்குப் போகிற ஜனங்கள் ஊரிலேயே அம்மை குத்திக்கொண்டு சீட்டோடு வருவார்கள். அந்தப் பக்கத்துச் சீட்டு இந்தப் பக்கம் செல்லாது. சாவடியில் மறுபடியும் குத்துவார்கள். வீங்கின கையோடு ஒரு வாரம் கொழுந்து கிள்ள முடியாது, கூலியும் கிடையாது. அதற்குப் பயந்து பாதிப் பேர் சாவடிப் பக்கமே வராமல் காட்டுப் பாதையாக நழுவிவிடுவார்கள். குத்தாதவனும் அவர்களோடு சேர்ந்து நழுவுவான்.

ஒருநாள் திரவியத்தின் மண்டியில் வீட்டுக்கு அரிசி பார்க்கப் போனபோது, கணவாய்க்கு அப்பால் பணகுடியில் மூன்று வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறது என்று ஒரு வண்டிக்காரன் பேச்சோடு பேச்சாகச் சொல்லக் கேட்டார். அம்மை கண்ட வீட்டு வாசலில் தமிழ் ஜனங்கள் வேப்பிலைக் கொத்து கட்டுவார்கள். அம்மன் வந்திருக்கிறாள், அந்நியர் உள்ளே வரக்கூடாது என்று அர்த்தம். எழுத்து வாசனை இல்லாத வண்டிக்காரனும் அதைப் பார்த்துவிட்டு அந்த வீட்டில் தண்ணீர்கூடக் கேட்காமல் விலகிப் போவான். டாக்டர் கையில் எடுத்த அரிசியை அப்படியே மூட்டையில் போட்டுவிட்டு நின்றார். சர்க்கார் காகிதம் மூன்று வாரத்தில் சொல்வதை வேப்பிலை மூன்று நாளில் சொல்லிவிட்டதே.

அன்றிலிருந்து விடிகாலை தோறும் மண்டிதான். எந்த ஊரில் எத்தனை வாசலில் இலை கண்டாய் என்று கேட்பார். கேட்டதை எழுதி ஆரல்வாய்மொழிக்குத் தபாலில் அனுப்புவார். அங்கே அவருடைய ஆள் வேலாயுதன் இருந்தார். அம்மை குத்துகிற உத்தியோகஸ்தர், மலையாளி, பேச்சு குறைவு, கை சுத்தம். எந்த ஊரிலிருந்து வருகிறவனை முதலில் கூப்பிட்டுக் குத்த வேண்டும் என்று அவர் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். சிவகாமியம்மாள் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டாள், அம்மனை நம்பாத மனுஷருக்கு அம்மன் வீட்டு இலைமேல் இத்தனை கரிசனம் எதற்கு என்று. அம்மனை நம்பவில்லை, அம்மனை நம்புகிறவர்களை நம்புகிறேன் என்றார் அவர். அவளுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

இலையை நம்பியதால், இலையை மறைத்தவனை அவர் மன்னிக்க மாட்டார். மலைமேல் ஒரு தோட்டத்தில் கங்காணி ஒருவன், வேலை நின்றுவிடும் என்று கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் கட்டிய வேப்பிலையைப் பிய்த்துப் போட்டுவிட்டான். பதினோரு பேர் செத்தார்கள். டாக்டர் மலையிலிருந்து இறங்கி வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. மறைச்சவன் கொன்னவனுக்குச் சமம் என்று மட்டும் சொன்னார். சிவகாமியம்மாள் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள்.

பத்து வருஷம் இப்படி மூட்டைமேல் உட்கார்ந்து அவர் சேர்த்த யோசனை கடைசியில் ஒரு உடன்படிக்கையாக உருவெடுத்தது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அம்மைச் சீட்டு. சாவடியில் இரண்டு பக்கத்து ஆட்களும் வண்டிக்காரர்களைக் கேட்டு ஒரே நோட்டில் எழுதிக்கொள்வது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தப் பக்கத்துச் சுகாதார அதிகாரி ஸ்ரீனிவாசன் ஒரு கறார்ப் பேர்வழி. இலையை நம்பி ராஜ்யம் நடத்த முடியாது என்று இரண்டு தடவை எழுதிவிட்டார். மூன்றாம் தடவை, கொல்லம் 1109-ஆம் வருஷம், பங்குனி மாதம் ஒரு திங்கட்கிழமை ஆரல்வாய்மொழிக்கு வருவதாக ஒப்புக்கொண்டார். பேசிப் பார்ப்போம், மார்ச் முப்பத்தொன்றுக்குள் கையெழுத்தாகாவிட்டால் காகிதக் கட்டை மூடிவிடலாம் என்று எழுதியிருந்தார். திங்கட்கிழமைக்கும் முப்பத்தொன்றுக்கும் இடையில் ஐந்தே நாள்.

டாக்டர் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை கிளம்புவதாக ஏற்பாடு. வழியில் இரண்டு ஊர்களைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். வேலாயுதன் கூட்டிப் போக வந்து, பக்கத்துத் தெருவில் தங்கியிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, மூன்று நாளாய்க் காய்ச்சலில் கிடந்த மகள் விஜயத்துக்கு முகம் துடைக்கப் போன சிவகாமியம்மாள் நெற்றியில் அம்மை முத்துக்களைக் கண்டாள். மணிக்கட்டிலும் இருந்தன. அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. சின்ன வயசில் தங்கை ஒருத்தியை அதில் பறிகொடுத்தவள்.

விஜயத்துக்கு அப்போது பதினொரு வயசு. கைக்குழந்தையில் குத்தியதுதான். ஏழாவது வயசில் மறுபடி குத்த வேண்டும் என்று ஊர் முழுக்கச் சொன்ன டாக்டர், சொந்த மகளுக்கு மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். ஒரு வருஷம் பரீட்சை, ஒரு வருஷம் நவராத்திரிக்குப் பாட வேண்டும், ஒரு வருஷம் பெற்றவளே அழுதாள். அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று நாலு வருஷம் ஓடிவிட்டது. ஊருக்கு உபதேசமடி பெண்ணே, உனக்கில்லையடி கண்ணே என்பது சும்மா வந்த வார்த்தையா?

வேறு நாளாக இருந்தால் சிவகாமியம்மாளின் கால் தானாகவே கொல்லைப்புறத்து வேம்பிடம் போயிருக்கும். அன்று போகவில்லை. இலை கட்டினால் இவர் வாசலைத் தாண்ட மாட்டார். அவர் போட்ட விதி அது. வீட்டில் அம்மை கண்டால் மூன்று வாரம் யாரும் வெளியே வரக்கூடாது. திங்கட்கிழமை போய்விடும், முப்பத்தொன்றும் போய்விடும், வண்டிக்கார டாக்டர் என்ற பெயர் மட்டும் நிலைத்துவிடும். பத்து மணிக்கு அவர் கிளம்பிவிட்டால் பத்தே கால் மணிக்கு இலையைக் கட்டிவிடலாம். நாலு மணி நேரம் பொறுத்துக்கொள் தாயே, பிள்ளைமேல் கோபம் வைக்காதே, எல்லாம் என் தலையில் போடு என்று அம்மனிடம் கேட்டுக்கொண்டாள். புருஷனுக்காக அம்மனை ஏமாற்றப் பார்க்கிறோம் என்பது அவளுக்குத் தெரியும். பதினோரு பேர் செத்த லயமும் நினைவுக்கு வந்தது.

டாக்டர் மண்டியிலிருந்து வந்து, குளித்து, பிரயாணத்துக்கு உடுத்திக்கொண்டு, மகளைப் பார்க்கப் போனார். அவள் கதவை மறித்து நின்றாள்.

"இப்பத்தான் கண்ணசந்தா. எழுப்பண்டாம். வேனக்கட்டி ரெண்டு கிளம்பியிருக்கு, அதாக்கும் காய்ச்சல்."

அவர் மனசெல்லாம் ஆரல்வாய்மொழியில் இருந்தது. தலையாட்டிவிட்டு வாழையிலை முன்னால் சாப்பிட உட்கார்ந்தார். சோறு போட்டாள். பருப்பு ஊற்றினாள். ரசம் ஊற்றினாள். இரண்டாவது கவளத்தில் அவர் கை நின்றது. ரசத்தைப் பார்த்தார், பருப்பைப் பார்த்தார். ஒரு கடுகு இல்லை, கறிவேப்பிலை இல்லை, எண்ணெய்ப் பொட்டு ஒன்றும் மிதக்கவில்லை. காலையில் வீட்டுக்குள் நுழைந்தபோதும் தாளிக்கிற வாசனை வரவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அம்மன் வந்திருக்கிற வீட்டில் தாளிக்க மாட்டார்கள். எண்ணெய் காய்கிற வாசனை அம்மனுக்கு ஆகாது, பிள்ளைக்கு முத்து அதிகமாகும் என்பார்கள். வாசலில் இலையைக் கட்டாமல் இருக்கச் சிவகாமியம்மாளால் முடிந்தது. அடுப்பில் கடுகை வெடிக்க விட அவளால் முடியவில்லை. கரண்டியை இரண்டு தடவை எடுத்து இரண்டு தடவையும் வைத்துவிட்டாள்.

டாக்டர் எழுந்தார். கையைக் கழுவினார். நேரே போய் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். "மக்ளே, அப்பா எங்கயும் போவல்ல" என்றார். பிறகு கோட்டும் கழுத்துப்பட்டையுமாகவே கொல்லைக்குப் போய், அரிவாளை எடுத்து வேம்பில் ஒரு கொத்து வெட்டி வந்து, வெளிவாசல் தூணில் தன் கையாலேயே கட்டினார். அம்மனை நம்பாத மனுஷர் கட்டுகிறார், நம்புகிற பெண்பிள்ளை கதவோரம் நின்று அழுகிறாள்.

அவர் சத்தம் போடுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். இரண்டு அறை அறைந்தாலும் தேவலை என்றிருந்தது. அவர் மேஜை முன் உட்கார்ந்து, அம்மை கண்டதை அறிவிக்கிற சர்க்கார் பாரத்தை எடுத்தார். வீட்டுக்காரர் பெயர், நோயாளி பெயர், வயசு. முதலில் கண்ட நேரம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"எத்தனை மணிக்குக் கண்டே?"

"ஆறு மணிக்கு" என்றாள்.

அவர் 'பத்து மணி' என்று எழுதினார். வாழ்நாளில் ஒரு தேதியைக்கூட மாற்றி எழுதாத மனுஷர் அவர். எழுதி முடித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "ஏழு வயசுல நான் குத்தியிருக்கணும். நீ மறைச்சது நாலு மணிக்கூர். நான் மறந்தது நாலு வருஷம்."

அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

பாரத்தை அவர் வாசலில் நின்றே உரக்கப் படித்தார். வேலாயுதன் மதிலுக்கு வெளியே நின்று நகல் எழுதிக்கொண்டார். ஆரல்வாய்மொழிக்கு எடுத்துப் போக வேண்டிய காகிதக் கட்டு, மூன்று நாளாக விஜயத்தின் கட்டிலோரத்தில் வைத்து அவர் பார்த்துக்கொண்டிருந்தது. அதுவும் வெளியே போகக் கூடாது. ஸ்ரீனிவாசனுக்குத் தந்தி மட்டும் கொடுக்கச் சொன்னார். வேலாயுதன் தந்தி கொடுத்துவிட்டு வந்து, அன்றைக்கே தெரு முழுக்க எல்லோருக்கும் அம்மை குத்தினார். சாலைக் கடைத்தெருவிலிருந்து திரும்பிய வெறும் வண்டிகள் அவர் தெருவான ஆரியசாலை வழியாகத்தான் போயின. வண்டிக்காரர்கள் டாக்டர் வீட்டு வாசலைப் பார்த்தார்கள். மாட்டை ஒதுக்கி ஓட்டினார்கள்.

அடுத்த மூன்று நாளும் சிவகாமியம்மாளுக்கு யுகமாகப் போயின. மகளுக்கு வேப்பிலையால் வீசினாள், இளநீர் கொடுத்தாள். முத்துக்கள் அதிகம் இல்லை; கைக்குழந்தையில் குத்தியது கொஞ்சம் காப்பாற்றுகிறது என்று டாக்டர் சொன்னார். பிள்ளை பிழைத்துவிடுவாள் என்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் அவளுக்கு மற்ற துக்கம் முழுசாக வந்தது. அவர் பத்து வருஷ உழைப்பும் போயிற்று, போகாமல் இருக்க நாம் செய்த பாவமும் நின்றுவிட்டது.

திங்கட்கிழமை சாயங்காலம் வாசலில் ஒரு மோட்டார் கார் வந்து நின்றது. தூசி படிந்த தலைப்பாகையோடு ஒருவர் இறங்கினார். வேப்பிலையைப் பார்த்ததும் மதிலுக்கு அப்பாலேயே நின்றுகொண்டார். ஸ்ரீனிவாசன்தான். டாக்டர் தம் வீட்டு வாசற்படியில் நின்றார். நடுவே இருபதடி முற்றம். தெருவெல்லாம் கேட்கும்படி பேச வேண்டியிருந்தது.

"டாக்டர், நீங்க தந்தி குடுத்தேளாம், வாசல்ல நிக்கற வேலாயுதன் இப்பத்தான் சொன்னார். இன்னிக்கு வரைக்கும் அது என் கைக்கு வரலை. நான் சாவடியில உக்காந்து உங்களைத் திட்டிண்டிருந்தேன். ஒரு வண்டிக்காரன் வந்து, யாருக்குக் காத்திருக்கீங்க சாமி, ஆரியசாலையில டாக்டர் வீட்டு வாசல்லயே இலை கட்டியிருக்குன்னான்."

தோற்றுப்போனதை ஒப்புக்கொள்வது கறாரான மனுஷருக்கு லேசான காரியமில்லை.

"தந்தியை முந்திண்டு வந்துடுத்து உங்க இலை" என்றார்.

உடன்படிக்கையின் இன்னொரு நகல் அவர் கையில் இருந்தது. காரின் முன்பக்கத்தில் வைத்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். இந்தப் பக்கத்துக் கையெழுத்துக்கு டாக்டர் வேண்டும். ஆனால் டாக்டர் தொட்ட காகிதம் வெளியே போக முடியாது. முப்பத்தொன்றுக்குப் பிறகு கையெழுத்துப் போட்டுப் பயனும் இல்லை. டாக்டர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தமக்குப் பதிலாக வேலாயுதனைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

வேலாயுதன் பதறிப்போனார். "ஸாரே, ஞான் வெறும் குத்துகாரனாணே" என்றார்.

பத்து வருஷமாய்ச் சாவடியில் நின்றவர் அவர்தானே, கையெழுத்தும் அவருடையதாக இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். ஸ்ரீனிவாசன் தலையாட்டினார். வேலாயுதன் கையை வேஷ்டியில் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி, மெதுவாகத் தன் பெயரை எழுதினார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற சிவகாமியம்மாள், தன் புருஷன் அந்தத் தூரத்திலிருந்து அதைப் பார்த்துச் சிரித்ததைப் பார்த்தாள். எதற்காக அம்மனிடம் கடன்பட்டாளோ அந்தக் காகிதத்தில் அவர் பெயரே இல்லை. அதைப் பற்றி இவருக்குத் துளி வருத்தமும் இல்லையே என்று முதலில் எரிச்சல் வந்தது. பிறகு, இப்படிப்பட்ட ஆளுக்குப் போய் வாழ்க்கைப்பட்டோமே என்று சிரிப்பும் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நல்லதாகவே நடந்தது. அந்தச் சாவடியில் யாரையும் இரண்டு தடவை குத்துவது நின்றது. காட்டுப் பாதையில் நழுவுகிறவர்களும் குறைந்தார்கள். மூன்று வருஷம் கழித்துத் திருவனந்தபுரத்தில் சர்வகலாசாலை ஏற்பட்டபோது, சுகாதாரப் படிப்புக் குழுவுக்குத் தலைவராக டாக்டரைக் கூப்பிட்டார்கள். பின்னால் சிண்டிகேட்டிலும் இடம் கிடைத்தது. அங்கும் அவர் புத்தி மாறவில்லை. வகுப்புக்கு வருமுன் மாணவர்கள் சாலைக் கடைத்தெருவுக்குப் போய் வண்டிக்காரர்களோடு பேசிவிட்டு வர வேண்டும் என்று விதி போட்டார். பையன்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். திரவியம் அவர்களுக்கும் மூட்டையில் இடம் கொடுத்தார்.

1119-ஆம் வருஷம், எல்லை தாண்டிச் சுகாதாரத்தை வளர்த்ததற்காக அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுப்பதென்று சர்வகலாசாலை தீர்மானித்தது. ஏற்கெனவே டாக்டராக இருக்கிறவருக்கு எதற்கு இன்னொரு டாக்டர் என்று சிவகாமியம்மாள் கேட்டாள். ஆனால் புதுப் புடவை எடுத்தாள். அவர் மேடையில் ஏறுகிற அந்த ஒரு காட்சியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. பெயர் வரும்போது இடித்துச் சொல் என்று விஜயத்திடம் கட்டளை. விஜயம் மதராஸில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் நாலைந்து தழும்பு. அதை மறைக்க அவள் ஒருநாளும் முயன்றதில்லை.

மண்டபத்தில் பெண்கள் வரிசையில், சிவகாமியம்மாளின் இந்தப் பக்கம் விஜயம், அந்தப் பக்கம் ஸ்ரீனிவாசனின் மனைவி சாவித்ரி. மேடையில் இங்கிலீஷில் நீளமாக என்னவோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். சாவித்ரி அதைக் கேட்டுவிட்டு இவள் காதோடு பிரியமாகச் சொன்னாள்:

"எங்காத்துக்காரர் இப்பவும் சொல்லிண்டே இருப்பார். பெத்த பொண்ணுக்கு அம்மைன்னு தெரிஞ்ச நிமிஷமே வாசல்ல வேப்பிலை கட்டின வீடு, அப்படி ஒரு வீட்டை நான் பார்த்ததில்லைன்னு. அதைத்தான் இப்ப வாசிக்கறா."

சிவகாமியம்மாள் கண்ணால் தன் புருஷனைத் தேடினாள். பத்து வருஷம் அந்த மனுஷர் ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை. அவளிடம்கூடச் சொல்லிக் காட்டியதில்லை. சண்டை போட்ட நாட்களில்கூட அது அவர் வாயில் வரவில்லை. இனி அவள் சொன்னால்தான் உண்டு.

"தெரிஞ்ச நிமிஷத்துல கட்டல்ல, அம்மா" என்றாள். "நான் ஆறு மணிக்கே கண்டாச்சு. அவிய போவணும்னு மறைச்சு வச்சேன். வேனக்கட்டின்னு கள்ளம் சொன்னேன். பாரத்துல பத்து மணின்னு அவிய எழுதினது எனக்காக ஆக்கும்."

சாவித்ரி திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு, எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டாள். சிவகாமியம்மாள் சொல்ல ஆரம்பித்தாள். கரண்டியை எடுத்ததும் வைத்ததும், அவர் கை சோற்றில் நின்றதும், கழுத்துப்பட்டையோடு வேம்பு வெட்டியதும், வேலாயுதன் வேஷ்டியில் கை துடைத்ததும் எல்லாம் கொட்டினாள். சொல்லச் சொல்ல அவளுக்கே சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. விஜயம் விலாவில் இடித்தாள். இரு மக்ளே என்று கையைத் தட்டிவிட்டாள். மறுபடியும் இடித்தாள். அதையும் தட்டிவிட்டாள்.

மண்டபம் கைதட்டி ஓய்ந்த பிறகுதான் அவள் நிமிர்ந்தாள். எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் சிவப்பு அங்கியோடு தம் நாற்காலிக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார், முதுகுதான் தெரிந்தது. ஒரு மாதமாகக் காத்திருந்த காட்சி கைவிட்டுப் போயிற்றே என்று வருத்தப்படப் பார்த்தாள். வருத்தம் வரவில்லை. மனசு கழுவிவிட்ட முற்றமாக இருந்தது. அத்தனை பேரும் ஓய்ந்துவிட்ட அந்த மண்டபத்தில் அவள் தனியாகக் கைதட்டினாள். யார் இது என்று ஜனங்கள் திரும்பினார்கள். டாக்டரும் திரும்பிப் பார்த்தார்.